பெரியம்மாவின் காவல்காரர்கள்

“ஏய் சுண்டு, சிலந்திக்கும் பேன் பிடிக்குமா?”

அண்ணி ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டாள். புருவம் திருத்தும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, புது நூல்கண்டு அறுந்துபோகிறதா என்று இழுத்துப் பார்த்தபடியே கேட்டாள். பார்லரில் அப்போது வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அந்தச் சொல்லை அண்ணி வாயில் எடுத்திருக்கவே மாட்டாள். தலைமுடியை நம்பிப் பிழைக்கிறவள் வீட்டில் பேன் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அப்புறம் அந்த வாசற்படியை யார் மிதிப்பார்கள்?

சுண்டு பின் அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் இருந்த லென்ஸை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிடிக்காது என்று தலையாட்டினாள்.

அது பொய்.

“பின்னே எதுக்கு லென்ஸும் கையுமா சுத்துறே? உங்க பெரியம்மா தலை பார்த்துவிடச் சொன்னாங்களா?”

சுண்டு சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சுண்டெலி மாதிரி சத்தம் போடாமல் வருகிறாள், போகிறாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. சுண்டெலி தேய்ந்து சுண்டு ஆனது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது எழுந்து ‘உள்ளேன்’ சொல்வதற்குள் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனவள், அப்படியே திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டினாள். அதோடு சரி. பெற்றவர்கள் இல்லாத வீடு. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். “சரி விடு, பெரியம்மாவைப் பார்த்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனான்.

பெரியம்மா என்பது ஒரு சிலந்தி. உள்ளங்கையை விரித்து வைத்தால் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசு. உடம்பெல்லாம் பழுப்பு முடி. விற்கிற இடத்தில் டாரன்டுலா என்பார்கள். அண்ணனுக்கு மீசை அரும்பிய காலத்தில் வாங்கி வந்தது. கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்வையாலேயே அளவெடுத்து, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாத ஒரு பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் இருப்பாள் அல்லவா? அந்த மாதிரிதான் இதுவும் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கும். அதனால் பெரியம்மா.

பின் அறையில் நீலத் திரை போட்ட ஒரே ஜன்னல். மத்தியானத்தில் அறை முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். முன் அறையிலிருந்து தலைமுடி உலர்த்தும் மிஷினின் சத்தம் தூரத்துக் காற்றுப்போல வந்துகொண்டிருக்கும். சுண்டு மேசையின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பெட்டிக்குள் பார்ப்பாள். தேங்காய் நார்த்தூள் மண் ஒரு நாடு. வளைந்த மரப்பட்டை ஒரு குகை. பாட்டில் மூடியில் ஊற்றிய தண்ணீர் ஓர் ஏரி. அந்த நாட்டில் யாரும் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. அங்கே எட்டுக் காலோடு ஒருத்தி உட்கார்ந்திருக்க, இங்கே இரண்டு காலோடு இன்னொருத்தி உட்கார்ந்திருக்க, பொழுது தானாகக் கரையும்.

அந்தப் பொழுதுக்குத்தான் இப்போது கெடு வந்திருந்தது.

அண்ணிக்கு வயிறு மேடிட்டுவிட்டது. பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் பின்னங்கால்களால் தன் வயிற்று முடியைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடுவாள். கண்ணுக்குத் தெரியாத முட்கள் அவை. பெரியவர்களுக்கே தோல் எரியும். பிறந்த குழந்தையின் கண்ணில் பட்டால்? அண்ணன் வெகுநேரம் யோசித்து, கண்ணாடிக்காரரிடம் சொல்லி வைத்தான். மீன்தொட்டியும் பூச்சிப்பெட்டியும் செய்கிற மனிதர். இந்தப் பெட்டியே அவர் ஒட்டித் தந்ததுதான். அவர் வீட்டில் ஒரு கூடம் நிறையச் சிலந்திகள். அடுத்தமுறை லாரி வீட்டுக்கு வரும்போது அவர் வந்து பெரியம்மாவை எடுத்துக்கொண்டு போவார் என்று பேச்சு.

கண்ணாடிக்காரர் முன்பொருமுறை வந்திருந்தபோது நின்றபடியே ஒரு கதை சொன்னார். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், மூச்சு விடுவதும் பேச்சுக்கு நடுவில்தான்.

“பாப்பா, ஒரு உண்ணி. ஒண்ணே ஒண்ணு உள்ள வந்துச்சுன்னு வையி, கொஞ்ச நாள்ல என் கூடத்துல எல்லாப் பெட்டியும் மாவு தூவின மாதிரி ஆயிடும். ஒரு தடவை பட்டாச்சு. எத்தனை உசுரு போச்சு தெரியுமா? அதுலேர்ந்து யாரு குடுத்தாலும் லென்ஸ் வச்சுப் பார்க்காம வாங்க மாட்டேன். ஒரு புள்ளி அசைஞ்சாலும் சரி, ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டிடுவேன். உங்கண்ணனா இருந்தாலும் சரி, என் மாமனாரா இருந்தாலும் சரி. மாமனார் சிலந்தி வளர்க்கலை, அது வேற விஷயம்.”

அதனால்தான், நார்த்தூளின் மேல் முதல் வெள்ளைப் புள்ளியைப் பார்த்த அன்று சுண்டுவின் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளிற்று. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஏரிக்கரையில் இன்னும் பத்துப் பதினைந்து புள்ளிகள். மரப்பட்டையின் அடியில் உப்புச் சிதறியதுபோல. ஒவ்வொன்றும் அசைந்தது. லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பெட்டியின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

‘அப்போ பெரியம்மா போகமாட்டா.’

வேறு ஒன்றும் அவள் செய்யவில்லை. செய்யாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் பெருகின. நார்த்தூள் நாட்டில் பனி விழுவதுபோல இருந்தது. அழகாகக்கூட இருந்தது. இரவு வானத்தைத் தலைகீழாகப் போட்டு அதன்மேல் பெரியம்மா உட்கார்ந்திருப்பதுபோல, நட்சத்திரங்கள் மெல்ல அவளை நோக்கி ஊர்ந்து வருவதுபோல.

அப்படிப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். கனவில் அவள் பெட்டிக்குள் இருந்தாள். நார்த்தூள் கால்களுக்கடியில் மெத்தென்று ஈரமாக இருந்தது. அவளுக்குக் கால்கள் அதிகமாக இருந்தன, ஆனால் எதையும் தூக்க முடியவில்லை. வெள்ளையாக என்னவோ ஒன்று முழங்கால்களில் ஏறியது, பிறகு கழுத்தில், பிறகு உதட்டோரத்தில். துடைத்துவிடச் சொல்லி யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெரிய முகம் தெரிந்தது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய கண். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

விழித்தபோது கன்னத்தில் மேசையின் கோடு பதிந்திருந்தது. பெட்டிக்குள் பெரியம்மா வாயோரம் இருக்கும் இரண்டு சின்னக் கைகளையும் மாற்றி மாற்றி உதட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள், நிறுத்தினாள், மறுபடி தேய்த்தாள். சுண்டு லென்ஸை வைத்தாள். வாயைச் சுற்றிலும், பற்களின் அடியில், கால் மூட்டுகளின் மெல்லிய மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது.

அவள் எழுந்துபோய் ஃபோனை எடுத்தாள்.

அண்ணன் கூப்பிட்டால் அவள் காதில் வைத்துக் கேட்பாள். “ம்” என்பாள். அவன் பேசி முடித்ததும் அண்ணியிடம் கொடுத்துவிடுவாள். அவளாக ஒருநாளும் யாருக்கும் கூப்பிட்டதில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தபோது எடுத்துவிட்டான். எஞ்சின் சத்தம் காதை அடைத்தது.

“அண்ணா.”

“யாருங்க?”

“நான்தான்.”

“நான்தான்னா? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, வண்டி ஓடுது.”

“சுண்டு.”

அந்தப் பக்கம் பிரேக் காற்றை விடுகிற நீண்ட சீறல் கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

“என்ன ஆச்சு? அண்ணிக்கு ஏதாவது…”

“அண்ணி நல்லாருக்காங்க. பெரியம்மாவுக்கு உண்ணி.”

அண்ணன் விட்ட மூச்சு பிரேக் விட்டதைவிடப் பெரிதாக இருந்தது. “அடியே! ஒரு நிமிஷத்துல என் உசுரை எடுத்துட்டியே. உன் குரலே எனக்கு அடையாளம் தெரியலை பாரு. சரி, சொல்லு. வெள்ளையா?”

“வெள்ளை. வாயெல்லாம் இருக்கு.”

“ஓடுதா, ஊருதா?”

“ஊருது. மெதுவா.”

“நான்தான் காவல்காரனுங்களை விட்டுட்டு வந்தேனே. அவனுங்க எங்க போனாங்க?”

சுண்டுவுக்குப் புரியவில்லை. “யாரு?”

“பழுப்பா, குட்டி குட்டியா, மரப்பட்டைக்கு அடியில ஓடிக்கிட்டு இருப்பாங்களே. அவங்களும் உண்ணிதான், ஆனா நம்ம கட்சி. மண்ணுக்குள்ளேயே கிடப்பாங்க, சிலந்தியைத் தொடமாட்டாங்க, வெள்ளை உண்ணியைப் பிடிச்சுத் தின்னுவாங்க.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. நன்றாக நினைவிருந்தது. அண்ணன் கிளம்பிப் போன கையோடு பட்டையைத் தூக்கிப் பார்த்தபோது பழுப்பாக என்னவோ ஓடிற்று. ஐயோ பூச்சி என்று மேல்மண்ணை வழித்துக் கொட்டி, பட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஒன்றுவிடாமல் துடைத்து எடுத்தாள். பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு ஒரு பெருமைவேறு.

“நான் தொடைச்சுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணுவிடாம.”

“அடிப்பாவி! ஊர்க்காவலையே கழுவி ஊத்திட்டியா?”

“நீ சொல்லலை.”

“நீ கேட்கலை.”

லாரியின் பக்கத்தில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“தண்ணி தெளிச்சியா?” என்றான் அண்ணன்.

“வெயிலா இருக்கேன்னு தெளிச்சேன். தினம்.”

“சாப்பிட்டாளா?”

“தொடவே இல்லை. அதனால சுவர்க்கோழியைக் கொன்னு வாய்க்குப் பக்கத்துலயே வச்சேன். பசிச்சா சாப்பிடட்டும்னு எடுக்கலை.”

அண்ணன் சிரித்தான். “நான் லேட்டா வந்தா எனக்குச் சாப்பாடு மூடி வைப்பியே, அந்த மாதிரியா? அடியே, ஈரமும் செத்த பூச்சியும் இருந்தா உண்ணிக்கு விருந்துதான். இங்க பாரு, அவ வயித்துல ஒரு வழுக்கை இருக்குமே, அது கறுத்திருக்கா?”

“ம். பளபளன்னு.”

சிரிப்பு நின்றது. “அப்ப சட்டை உரிக்கப் போறா. அதான் சாப்பிடலை. சுண்டு, நல்லாக் கேட்டுக்கோ. உண்ணி சாகணும்னா பெட்டி காய்ஞ்சு சுக்காகணும். ஆனா காய்ஞ்ச இடத்துல சட்டை உரிச்சா பாதியில ஒட்டிக்கும், கால் மாட்டிக்கும், போயிடுவா. வாயில உண்ணி இருக்கிறப்போ உரிச்சாலும் ஆபத்து. அந்தப் புதுத் தோல் பால் ஆடை மாதிரி இருக்கும், கடிச்சுடும். அதனால அவளைச் சுத்தமான டப்பாவுக்கு மாத்து. கீழ டிஷ்யூ போடு, ஒரு மூலையை மட்டும் நனை. உடம்புல இருக்கிறதை மெல்லிசு பிரஷ்ஷால எடு. நேரம் இல்லை, இன்னிக்கே செய். மேல் அலமாரியில மண்ணு போட்ட ஜாடி ஒண்ணு இருக்கும், அதுல காவல்காரனுங்க மிச்சம் இருப்பாங்க. பழைய மண்ணைக் கொட்டிட்டு, புது மண்ணைப் போட்டு, அதுல அவங்களை விடு. ஓடுறவன் நம்ம ஆளு. ஊர்றவன் திருடன். புரிஞ்சுதா?”

“ம்.”

“ம்முன்னு சொல்லாதே. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அண்ணா.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவில் அண்ணி. ஒரு கை இடுப்பில், ஒரு கையில் சீப்பு.

“உள்ள யாரோ பேசுற சத்தம் கேட்டுச்சு, எந்தப் பொம்பளை வந்துட்டான்னு ஓடி வந்தேன். நீயா?” என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். குனிந்து இன்னும் கிட்டே பார்த்தாள். “பேன் பிடிக்காதுன்னியேடி!”

சுண்டு தலை குனிந்து நின்றாள். எதற்காக மறைத்தாள் என்பதை அண்ணி கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கலாம். முன் அறைக்குப் போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் இமைக்கு மை தீட்டும் பிரஷ், புருவத்துக்குச் சாயம் போடும் பிரஷ், பஞ்சுக் குச்சி, வாசலின் டப்பா.

“எனக்குக் கண்டாலே குலை நடுங்கும். ஆனா இவ்வளவு சின்ன வேலைக்கு உன் கை சரிப்படாது. வருஷக்கணக்கா அடுத்தவங்க கண்ணு மேல நூல் ஓட்டுறவ நான். டப்பாவைப் பிடி.”

பெரியம்மாவைப் பிரஷ்ஷால் பின்பக்கம் மெல்லத் தொட்டுத் தொட்டு டப்பாவுக்குள் நடத்தினாள் சுண்டு. அண்ணி நாற்காலியைக் கிட்டே இழுத்து, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பஞ்சுக் குச்சியில் துளி வாசலின் தொட்டு, உதட்டோரத்தில் இருந்த முதல் புள்ளியை ஒற்றி எடுத்தாள். மூச்சுகூட விடவில்லை.

“ஃபேஷியலுக்கு உக்காருங்க பெரியம்மா. இந்த வீட்டுல எனக்கே யாரும் பண்ணிவிடுறதில்லை. உங்களுக்கு யோகம். முகத்தை அசைக்காதீங்க.”

முன் அறையில் மணி அடித்தது. எதிர்வீட்டுத் தையல்காரி வந்து உட்கார்ந்திருப்பாள் போல. அவள் குரல் வந்தது. “உள்ள என்ன, யாருக்கு ஃபேஷியல்?”

அண்ணியும் சுண்டுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்க பெரியம்மா வந்திருக்காங்க அக்கா! உடம்பு சரியில்லை!” என்றாள் அண்ணி.

“ஐயோ, என்னாச்சு?”

“சாப்பிடவே மாட்டேங்குறாங்க!”

“வயசானா அப்படித்தான். சூப் வச்சுக் குடு, ஒரு டம்ளர் உள்ள போனா எழுந்து உக்காந்துடுவாங்க. நடக்கிறாங்களா?”

“நடையெல்லாம் நல்லா இருக்கு அக்கா. காலுக்குக் குறைச்சல் இல்லை!”

சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு கண்ணீராக வழிந்தது. அண்ணிக்கு மட்டும் கை அசையவில்லை. ஒவ்வொரு மூட்டாக, ஒவ்வொரு மடிப்பாக, பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவி, மறுபடி வந்து. கடைசிக் காலுக்கு வந்தபோது பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்னங்கால் இரண்டையும் தூக்கி வயிற்றில் வேகமாகத் தேய்த்தாள். திரையின் நீல வெளிச்சத்தில் மெல்லிய தூசி ஒன்று எழும்பி, அழகாக மிதந்து, அண்ணியின் முழங்கையில் வந்து இறங்கிற்று.

தையல்காரியை அனுப்பிவிட்டு அண்ணி வரும்போது சுண்டு பழைய மண்ணையெல்லாம் பையில் கட்டிவிட்டிருந்தாள். மரப்பட்டையைச் சுட வைத்து எடுத்தாள். உண்ணி ஏறி வராதபடி மேசையின் நான்கு கால்களிலும் வாசலினை வளையமாகத் தடவினாள். ஒரு வெள்ளரித் துண்டை வெட்டித் தட்டில் வைத்தாள். மேசையில் தப்பிப் பிழைத்துத் திரிந்த உண்ணியெல்லாம் அதில் வந்து மொய்த்ததும், துண்டோடு எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி ஜாடியை எடுத்தாள். இத்தனை நாளும் வெறும் மண் என்று நினைத்திருந்த ஜாடி. மூடியைத் திறந்து லென்ஸை வைத்தால், பழுப்பு மணிபோல ஒன்று குறுக்கே ஓடிற்று. பின்னாலேயே இன்னொன்று. பெட்டியில் நிரப்பிய புது மண்ணில் ஜாடியைக் கவிழ்த்தாள்.

“மன்னிச்சுடுங்க” என்றாள் அவர்களிடம். அந்த அறையில் அவள் குரல் வினோதமாக ஒலித்தது.

பெரியம்மா சட்டை உரித்தது ஒரு மத்தியானத்தில். அண்ணி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா மல்லாந்து கிடந்தாள். எட்டுக் கால்களும் மேல்நோக்கி.

“போயிட்டாங்களா?”

“இல்லை அண்ணி. உஸ். சட்டை கழட்டுறாங்க.”

பார்லர் கதவில் ‘மூடியிருக்கிறது’ பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு அண்ணி வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஒருக்களித்துப் படுத்தாள். சுண்டு பக்கத்தில் படுத்தாள். டப்பாவைத் தரையில் வைத்திருந்ததால் இருவருக்கும் கண் மட்டத்தில் இருந்தது. மிஷின் சத்தம் இல்லாத வீடு புதிதாக இருந்தது. நீல வெளிச்சம் சுவரில் அசைந்தது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. வெகுநேரம் நடக்கவில்லை. பிறகு, எங்கே என்று தெரியாமல் ஓர் ஓரம் பிளந்தது. உள்ளேயிருந்து இன்னொரு பெரியம்மா, கையுறையிலிருந்து விரல்களை உருவுகிற மாதிரி, கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருந்தாள். பழைய காலுக்குள்ளிருந்து புதுக் கால். ஓர் இழுப்பு, ஓர் ஓய்வு. வெளிறிய ரோஜா நிறம், நனைந்த மாதிரி ஒரு மினுப்பு. சுண்டுவுக்குத் தன் தோள்பட்டைக்குள்ளும் ஏதோ உருவப்படுவதுபோல இருந்தது. அண்ணி மூச்சை இழுத்தால் பெரியம்மா நிறுத்தினாள், அண்ணி விட்டால் பெரியம்மா உருவினாள். அப்படித்தான் தோன்றிற்று, கனவிலும் இப்படித்தான் தோன்றும்.

“உள்ள உதைக்குது” என்று அண்ணி கிசுகிசுத்தாள். சுண்டுவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு சின்னப் பாதம் சுவரைத் தேடி அழுத்திற்று.

அண்ணியின் முழங்கை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. பவுடர் கலைந்திருந்தது. அடியில் தோல் முழுவதும் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக இருந்தது. அன்றைக்குப் பறந்த முடி. வாடிக்கையாளர் கண்ணில் படாமலிருக்க அண்ணி தினமும் பவுடர் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எரியுதா அண்ணி?”

“சும்மா லேசா. ராத்திரியிலதான் கொஞ்சம். பேசாம அதைப் பாரு, கடைசிக் கால் வருது.”

சுண்டு அதைப் பார்க்கவில்லை. கைக்கடியில் அழுத்திய பாதத்துக்கு ஒரு முகம் இருக்கும், முகத்தில் இரண்டு கண் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தபோது பெரியம்மா வெளியே வந்துவிட்டிருந்தாள். பக்கத்தில் பழைய பெரியம்மா, வெற்றுச் சட்டையாக, கால்களோடு முடிகளோடு உட்கார்ந்திருந்தது. மூட்டு மடிப்புகளில் மிஞ்சியிருந்த வெள்ளைப் புள்ளி இரண்டொன்றும் அந்தச் சட்டையோடு போய்விட்டன. புது உடம்பில் ஒன்றுகூட இல்லை.

பற்கள் வெள்ளையிலிருந்து சிவந்து, சிவப்பிலிருந்து கறுத்து, புது நாட்டில் புது மண்ணில் பெரியம்மா முதல் சுவர்க்கோழியைப் பிடித்துத் தின்று முடித்த பிறகுதான் லாரி தெருவில் வந்து நின்றது. அண்ணன் குளித்துவிட்டுத் தலைதுவட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்காரரும் வந்துவிட்டார். கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்ஸ். வாசலிலேயே பேச்சை ஆரம்பித்து, செருப்பைக் கழற்றி, பார்லர் நாற்காலியைப் புகழ்ந்து, அண்ணியின் வயிற்றைப் பார்த்து ஆண்பிள்ளை என்று சொல்லி, இல்லாவிட்டால் பெண்பிள்ளை என்றும் சொல்லி, பேசிக்கொண்டே பின் அறைக்குள் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் மட்டும் குரல் இறங்கிற்று.

“அடேயப்பா. ராணி மாதிரி இருக்காளே.”

பெரியம்மாவைச் சுற்றிச்சுற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். வாய், மூட்டுகள், வயிறு. “சுத்தம். ரொம்பச் சுத்தம்” என்றார். பிறகு இடுக்கியால் மரப்பட்டையை நிமிர்த்தினார். அப்படியே நின்றார்.

“இதோ இருக்கே.”

அண்ணன் துண்டோடு முன் அறையில் இருந்தான். அண்ணி சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அறையில் சுண்டுவும் அவரும்தான்.

“பாப்பா, அசையுது பாரு. பழுப்பா. உண்ணிதான். அடடா!” அவர் பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என் கூடத்துல இருக்கிற உசுருங்களை நினைச்சுப் பார்க்கணுமில்ல? உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவ இங்கேயே இருக்கட்டும்.”

அவ இங்கேயே இருக்கட்டும். அறையில் நீலம் ஒரு கணம் ஆழமாயிற்று. அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வாழ்நாள் முழுக்க அவள் செய்து பழகியதையே இப்போதும் செய்தால் போதும். அவர் திரும்பிக் கதவுவரை போய்விட்டார். சமையலறையில் அண்ணி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு முழங்கையைச் சுவரில் தேய்த்துக்கொள்வது தெரிந்தது.

“மாமா” என்றாள் சுண்டு.

அவர் நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தாள்.

“அது… ஓடுது பாருங்க. ஊரலை. ஊர்றதுதான் கெட்டது. இது காவலுக்கு விட்டது. வெள்ளை உண்ணியைத் தின்னும். சிலந்தியைத் தொடாது. வெள்ளை வந்துச்சு, நான்தான் தண்ணியை நிறையத் தெளிச்சு வரவச்சேன். இப்ப இல்லை. மறுபடி பாருங்க.”

அத்தனை வாக்கியங்களை அவள் ஒருசேர யாரிடமும் சொன்னதில்லை. முன் அறையில் துண்டு உதறுகிற சத்தம் நின்றது.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்தார். பட்டையை எடுத்தார். லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஓடுறான்” என்றார் கடைசியில். “ஆமா, ஓடுறான். காவல்காரனா இவன்? கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை. அசைஞ்சாலே கொதிதண்ணி ஊத்தியே பழகிட்டேன். அவனுங்களையும் சேர்த்தே குடும்மா, பெட்டியோட.”

அண்ணன் அறை வாசலில் வந்து நின்று தங்கையையே பார்த்தான். சுண்டு பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாக வாசல்வரை தூக்கி வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஒரு கறுப்புத் துணியை வேனிலிருந்து எடுத்து வந்தார். “வெயில் பட்டா பயப்படுவா. நீ எப்ப வேணாலும் வந்து பார்க்கலாம் பாப்பா, கதவைத் தட்டக்கூட வேண்டாம், என் பேச்சுச் சத்தம் கேட்டு வந்தா வீடு தெரிஞ்சுடும்” என்றார்.

அண்ணி பின்னாலேயே வந்து குனிந்து கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

“பெரியம்மா, என்ன இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இத்தனை வருஷம் இருந்துட்டுப் போறீங்க. போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

சுண்டு கடைசியாகக் கண்ணாடியில் கன்னத்தை வைத்தாள். பெரியம்மா புதுக் கால்களை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டு, பட்டையின் நிழலுக்குள் நகர்ந்தாள். கறுப்புத் துணி விழுந்தது. வேன் கதவு சாத்தப்பட்டது. வண்டி தெருமுனையில் மெல்லத் திரும்பிற்று.

பெரியம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள்.